கதரின் மான்ஸ்பீல்டின் கதைகளிற் கூற்று

அகப்பாட்டுக்கு உரை காணப் புகும் ஆசிரியர் முதற்கண் 'இது யார் கூற்று?' என வினவுவர். தலைவனை இகழும் ஒரு சொல் தலைவியின் வாயிற் பிறந்தால் ஊடல். பரத்தையின் வாயிற் பிறந்தால் செருக்கு. தோழியின் வாயிற் பிறந்தால் வாயில் மறுத்தல். சொல் ஒன்றேயாயினும் சொல்வார் வேறுபடப் பொருளும் வேறுபடும். கூற்றைத் துணியாது பாட்டின் பொருளைத் துணிதல் இயலாது என்பது நம்மவர் நெடுங்காலமாக அறிந்ததொன்று. ஆயின், இதே விழிப்பைச் சிறுகதை படிக்கும்பொழுது நாம் கைக்கொள்வதில்லை. கதையில் வரும் வாக்கியமெல்லாம் கதாசிரியரின் சொந்த வாக்கியமே எனக் கொண்டுவிடுகின்றோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலச் சிறுகதையைப் புதுவழியிற் செலுத்தியோருள் ஒருவரான கதரின் மான்ஸ்பீல்டை இவ்வாறு படிப்பது பெரும் பிழையில் முடியும்.

இதனை எனக்கு உணர்த்தியவன் ஒரு மாணவன். சில ஆண்டுகளுக்கு முன் உயர்தர வகுப்பு மாணவர் சிலருடன் மான்ஸ்பீல்டின் 'காலஞ்சென்ற கேணலின் புதல்வியர்' என்னும் கதையைப் படித்துக்கொண்டிருந்தேன். ஜோசபின், கொன்ஸ்தான்சியா என்னும் முதிர்கன்னியர் இருவர், தந்தையை அடக்கஞ்செய்து சில நாளே கழிந்த நிலையில், அவருடைய பொருள்களுள் எதனை இலங்கையிலிருக்கும் தம் உடன்பிறந்தான் பெனிக்கு அனுப்பலாம் என ஆலோசிக்கின்றனர். இலங்கையிலே தபால் என்பது கிடையாது, ஓட்டக்காரர்தாம் உளர் என்கிறாள் ஜோசபின். உடனே இருவரும் தம் மனக்கண்ணிலே, வெள்ளைத் துணியுடுத்த கறுப்பு மனிதனொருவன் பொதியொன்றைக் கையிலேந்தி வயல்வெளியூடாக உயிரைப் பிடித்துக்கொண்டு ஓடுவதைக் காண்கின்றனர். இவ்விடத்தில் அம்மாணவன் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, "சேர், இந்த மனுசி எங்களைப் பழிக்கிறாவோ?" என்று கேட்டான். அன்று நான் கூறிய விடை எனக்கே திருப்தி தரவில்லை. அவ்வினாவை மனத்திற்கொண்டு அவருடைய வாழ்க்கையையும் கதைகளையும் மீண்டும் படித்ததன் பயனே இக்கட்டுரை.

கதரின் மான்ஸ்பீல்ட் என்பது புனைபெயர். கத்லீன் மான்ஸ்பீல்ட் பீச்சம் என்னும் இயற்பெயருடைய இவர் 1888 ஆம் ஆண்டு ஒக்டோபர் 14 ஆந் தேதி நியூசிலாந்தின் தலைநகரான வெலிங்டனிற் பிறந்தார். தந்தை ஹரல்ட் பீச்சம் வணிகத்தாற் செல்வம் ஈட்டியவர். பின்னர் நியூசிலாந்து வங்கியின் தலைவராகவும் விளங்கியவர். 'மான்ஸ்பீல்ட்' என்பது குழந்தையை வளர்த்தெடுத்த தாய்வழிப் பாட்டியின் பிறந்தகப் பெயர். சிறுமிக்கு நான்கு வயதானபோது குடும்பம் வெலிங்டனை அடுத்த கரோரி என்னும் கிராமத்திற் குடியேறி ஐந்தாண்டு அங்கே வாழ்ந்தது. அந்த ஐந்தாண்டுகளே பின்னர் அவருடைய தலைசிறந்த கதைகளுக்கு நிலைக்களனாயின. 1903 இல் தமக்கையருடன் இலண்டன் சென்று குயின்ஸ் கல்லூரியில் மூன்றாண்டு பயின்றார். 1906 இல் ஊர் திரும்பியதும் வெலிங்டனின் வாழ்க்கை அவருக்குச் சிறையாயிற்று. மகளின் பிடிவாதத்துக்கு இணங்கிய தந்தை ஆண்டுக்கு 100 பவுண் தருவதாக ஒப்புக்கொண்டார். 1908 இல், தமது பத்தொன்பதாவது வயதில், மீண்டும் இலண்டனுக்குக் கப்பலேறினார். பிறந்த நாட்டை அவர் பின் ஒருபோதும் கண்டிலர்.

அடுத்த சில ஆண்டுகளின் கதையை விரிக்கப் புகின் அதுவே ஒரு நாவலாகும். 1909 மார்ச்சு மாதத்திற் சங்கீத ஆசிரியர் ஒருவரை மணந்து, அன்றிரவே அவரை விட்டுப் பிரிந்தார். வேறொருவர்பாற் கொண்ட காதலால் அப்பொழுது அவர் கருவுற்றிருந்தார். செய்தியறிந்து நியூசிலாந்திலிருந்து விரைந்து வந்த தாயார், மகளை ஜேர்மனியின் பவேரியப் பகுதியிலுள்ள நீர்ச்சிகிச்சை நகரொன்றிற் கொண்டுபோய் விட்டுவிட்டு ஊர் திரும்பித் தமது மரணசாசனத்திலிருந்தும் அவர் பெயரை நீக்கினார். குழந்தை தங்கவில்லை. அங்கே விடுதியிற் கண்டவர்களைக் குறித்து அவர் எழுதிய நகைச்சித்திரங்கள் ஏ. ஆர். ஒரேஜ் நடத்திய 'நியூ ஏஜ்' இதழில் வெளிவந்து, 1911 இல் 'ஜேர்மன் விடுதியொன்றில்' என நூலாயின. கூர்மையான எழுத்து, ஆயின் இரக்கமற்ற எழுத்து. உணவு மேசையிற் பிறர் உண்பதையும் உறிஞ்சுவதையும் பேசுவதையும் ஓர் ஓரத்திலிருந்து பார்த்து நகைக்கும் இளம்பெண்ணொருத்தியின் குரலே அதில் ஓங்கி நிற்கின்றது. பின்னாளில் மறுபதிப்புக்கு வாய்ப்பு வந்தபோது, அது முதிர்ச்சியற்ற நூல் எனக் கூறி அவரே மறுத்தார். என் மாணவனின் ஐயத்தைத் தீர்க்க இஃதொரு நல்ல சான்று. பழித்து எழுதுவது எப்படியென்பதை அவர் அறிந்திருந்தார், எழுதியுமிருந்தார், பின்னர் அதனை விட்டு நீங்கினார்.

இந்நூலைப் பற்றிய பிறிதொரு செய்தியையும் மறைத்தலாகாது. இதிலுள்ள 'களைப்படைந்த குழந்தை' என்னும் கதை, உருசிய எழுத்தாளர் செக்கோவ் 1888 இல் எழுதிய கதையொன்றைப் பெரிதும் ஒத்தது. தூக்கமின்றி வருந்தும் வேலைக்காரச் சிறுமி, தன்னைத் தூங்கவிடாது அழும் குழந்தையைக் கொன்றுவிடுகின்றாள் என்பதே இரண்டிலும் கதை. செக்கோவின் கதை ஆங்கிலத்தில் அதற்கு முன்னரே வெளிவந்திருந்தது. 1951 இல் இலண்டன் 'டைம்ஸ்' இலக்கிய இணைப்பிலே இதுபற்றிக் கடிதப் போரே நிகழ்ந்தது. தழுவல் என்றும், பயிற்சி என்றும், தற்செயல் என்றும் அவருக்காக வாதாடினோர் உளர். மூலத்தைச் சுட்டாது எடுத்தாண்டமை குற்றமே என்பது என் கருத்து. ஆயினும் இருபது வயதில் எடுத்துக்கொண்டவர் முப்பது வயதிற் கற்றுக்கொண்டார் என்பதும் உண்மை. மகனை இழந்த வண்டிக்காரனொருவன் தன் துயரைக் கேட்பாரின்றி ஈற்றில் தன் குதிரையிடம் சொல்லியழும் செக்கோவின் கதையை நம்மிற் பலர் அறிவர். மான்ஸ்பீல்டின் 'பார்க்கர் கிழவியின் வாழ்க்கை'யிலே பேரனை இழந்த கூலிக்காரக் கிழவிக்கு அக்குதிரைதானும் இல்லை. ஒருவரும் காணாது சற்று நேரம் அழுவதற்கு இந்நகரில் ஓரிடமுண்டா என அவள் தேடுகின்றாள், இல்லை, மழை தூறத் தொடங்குகின்றது. இது திருட்டன்று, குருவிடம் பெற்றதை வேறு நிலத்திற் பயிராக்குதல். அக்குருநாதர் 1890 இற் சகலின் தீவிலிருந்து திரும்பும் வழியிற் கொழும்பிலும் கண்டியிலும் சில நாட் தங்கியவர் என்பதையும், இருவரையுமே சயரோகம் கொண்டுபோயிற்று என்பதையும் இடையே குறித்துச் செல்கின்றேன்.

1911 இன் இறுதியில் ஜோன் மிடில்டன் மரி என்னும் இளம் பத்திரிகையாசிரியரைச் சந்தித்தார். சேர்ந்தும் பிரிந்தும் வாழ்ந்த இவ்விருவரும், முதல் மணம் சட்டப்படி நீங்கிய பின், 1918 இலேயே மணஞ்செய்தனர். மரியின் பத்திரிகைகளுக்கென மான்ஸ்பீல்ட் எழுதியவை பல. அவற்றுட் சில நன்று. பல இன்று மறக்கத்தக்கன.

அவரை எழுத்தாளராக்கியது ஒரு மரணம். ஒரே தம்பியாகிய லெஸ்லி முதலாம் உலகப்போரிற் படைசேர இங்கிலாந்துக்கு வந்து, 1915 இல் தமக்கையுடன் சில நாட் தங்கினான். இருவரும் வெலிங்டன் வீட்டையும் தோட்டத்தையும் பாட்டியையும் பற்றி ஓயாது பேசினர். அவ்வாண்டு ஒக்டோபர் மாதம், பெல்சியத்தில், எறிகுண்டைக் கையாளும் முறையைப் படைவீரருக்குக் காட்டிக்கொண்டிருக்கையில் அது கையிலேயே வெடித்து அவன் இறந்தான். வயது இருபத்தொன்று. துயரம் தாங்காது தென் பிரான்சிலுள்ள பந்தோல் என்னும் கடற்கரையூருக்குச் சென்ற மான்ஸ்பீல்ட், தாம் முன்னரே தொடங்கியிருந்த 'கற்றாழை' என்னும் நீண்ட கதையை மீண்டும் எடுத்தார். எந்த நாட்டை வெறுத்து ஓடிவந்தாரோ அந்த நாட்டுக்குத் தாம் கடன்பட்டிருப்பதாக அவர் தமது குறிப்பேட்டில் எழுதினார்.

'கற்றாழை' திருத்திச் சுருக்கப்பெற்று 'முன்னிசை' என்னும் பெயருடன் வெளிவந்தது. ஒரு குடும்பம் நகரிலிருந்து கிராமத்து வீட்டுக்குக் குடிபோகின்றது, அவ்வளவே கதை. வண்டியில் இடமில்லாமையால் இரண்டு சிறுமியர் பின்னால் விடப்படுகின்றனர். வெற்று வீட்டினுள் அலையும் கெசியா என்னும் சிறுமி இருள் வரக்கண்டு அஞ்சுகின்றாள். பின்னொருநாள் வேலையாள் தாராவொன்றை வெட்ட, தலையற்ற உடல் ஓடுகின்றது. தலையைத் திரும்ப ஒட்டிவிடும்படி கெசியா அவனைப் பிடித்துக்கொண்டு கதறுகின்றாள். அடுத்த கணம் அவன் காதிலுள்ள சிறு தோட்டைக் கண்டு வியந்து அழுகையை மறக்கின்றாள். குழந்தை மனத்தை இதனினும் உண்மையாக எழுதியவரை நான் அறியேன். தோட்டத்தின் நடுவே நூறாண்டுக்கொருமுறை பூக்கும் என்று சொல்லப்படும் பெருங்கற்றாழையொன்று நிற்கின்றது. பிள்ளைப்பேற்றுக்கு அஞ்சும் தாய் லிண்டா அதனை நிலவொளியிற் பார்க்கையில், துடுப்புகளை உயர்த்திய கப்பலொன்று தன்னை ஏற்றிச்செல்ல வருவதாகக் காண்கின்றாள். கற்றாழையின் பொருள் இன்னதென ஆசிரியர் ஓரிடத்தும் விளக்கிலர். உள்ளுறையைப் பொருளோடு சேர்த்து விரித்துரைத்தால் அது உள்ளுறையாகாது என்பதை அறிந்த நமக்கு இம்முறை புதிதன்று.

இக்கதையை 1918 ஜூலை மாதம் நூலாக வெளியிட்டோர் லெனாட் வூல்பும் அவர் மனைவியார் வேர்ஜீனியா வூல்பும் ஆவர். தம் வீட்டில் ஒரு கையச்சு இயந்திரத்துடன் அவர்கள் தொடங்கிய ஹோகார்த் அச்சகத்தின் இரண்டாவது வெளியீடு இது. வேர்ஜீனியா தம் கையாலேயே அச்சுக்கோத்தார். பிரதிகள் ஏறக்குறைய 300. பின்னாளில், தாம் பொறாமை கொண்ட எழுத்து மான்ஸ்பீல்டின் எழுத்தொன்றே என வேர்ஜீனியா தமது நாட்குறிப்பில் ஒப்புக்கொண்டார். லெனாட் வூல்பை யாழ்ப்பாணத்தார்க்கு அறிமுகஞ் செய்ய வேண்டியதில்லை. 1905 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வோல்தேரின் நூற்றொகுதிகளையும் ஒரு நாயையும் உடன்கொண்டு இங்கே சிவில் சேவை உத்தியோகத்தராக வந்திறங்கியவர் அவரே. அவரிடம் பின்னர் வருவோம்.

இனிக் கூற்றுக்கு வருவாம். மான்ஸ்பீல்டின் முதிர்ந்த கதைகளிற் பெரும்பாலானவை படர்க்கையில் அமைந்தவை. ஆயின், 'அவள் நினைத்தாள்', 'அவன் எண்ணினான்' என்னும் வேலிகளை அவர் பிடுங்கி எறிந்துவிடுகின்றார். ஆசிரியர் கூற்றுப் போலத் தொடங்கும் வாக்கியம் இடையிலேயே பாத்திரத்தின் உள்ளக் கூற்றாக மாறிவிடுகின்றது. சொற்களும் ஆசிரியருடையனவல்ல, அப்பாத்திரம் வழங்கும் சொற்கள். 'தோட்ட விருந்து' என்னும் கதை, வானிலை இதனினும் வாய்ப்பாக அமைந்திராது என மகிழ்ந்து தொடங்குகின்றது. அம்மகிழ்ச்சி யாருடையது? ஷெரிடன் என்னும் செல்வக் குடும்பத்தினருடையது. ரோசாப் பூக்கள்கூடத் தங்கள் விருந்துக்கென்றே மலர்ந்தன என எண்ணுபவர் அவர்களே. இதனை ஆசிரியர் கூற்று எனக் கொண்ட ஒரு நண்பர், மான்ஸ்பீல்டைப் பணக்காரர் வீட்டுப் புகழ்பாடி எனக் கூறினார். அவர் கதையை ஈறுவரை படித்திருப்பாரோ என்பது ஐயமே.

விருந்து நாளன்று காலையில், வீட்டை அடுத்த பள்ளத்துச் சேரியில் வாழ்ந்த இளம் வண்டிக்காரனொருவன் குதிரை மிரண்டு விழுந்து இறந்த செய்தி வருகின்றது. விருந்தை நிறுத்த வேண்டும் என்கிறாள் மகள் லோறா. தாய் அவள் தலையில் அழகிய தொப்பியொன்றை வைக்கின்றாள். கண்ணாடியில் தன்னைக் கண்ட லோறா இறந்தவனைப் பிறகு நினைத்துக்கொள்ளலாம் என ஆறுகின்றாள். இங்கே தாய் கொடியவளல்லள், மகள் வேடதாரியுமல்லள். மாலையில் எஞ்சிய தின்பண்டங்களைக் கூடையிலிட்டு இறந்தவன் வீட்டுக்கு அனுப்பும் யோசனை தாயினுடையது; அது நல்லதொரு செயல் என்றே அவள் மனமார நம்புகின்றாள். அத்தொப்பியைக் கழற்ற மறந்து சேரிக்குட் செல்லும் லோறா, பிணத்தின் முன்னே தொப்பிக்காக மன்னிப்புக் கேட்கின்றாள். திரும்பும் வழியில் தமையனிடம் வாழ்க்கை எத்தகையது எனச் சொல்லத் தொடங்கி, சொல் கிடையாது நின்றுவிடுகின்றாள். அவன் விளங்கிக்கொண்டதாகக் கூறுகின்றான். அவன் உண்மையில் விளங்கிக்கொண்டானா? கதை கூறாது. பரீட்சை வழிகாட்டி நூல்கள் 'லோறா மரணத்தின் அழகை உணர்ந்து முதிர்ச்சியடைகின்றாள்' என எழுதி வைத்திருக்கின்றன. பிணத்தை அழகிய கனவு காண்பதாகக் கண்டவள் லோறா. அவனது மனைவி, அழுது வீங்கிய முகத்துடன் அடுப்பருகே இருந்தவள், அவ்வழகைக் காணவில்லை. இரண்டு காட்சிகளையும் மான்ஸ்பீல்ட் ஒரே பக்கத்தில் வைத்திருக்கின்றார். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வது நம் தவறு.

'செல்வி பிறில்' இம்முறைக்கு இன்னும் கூரிய உதாரணம். பிரெஞ்சு நகரொன்றில் ஆங்கிலம் படிப்பித்துச் சீவிக்கும் முதியவள் ஒருத்தி, ஞாயிறுதோறும் பழைய நரித்தோலைக் கழுத்திலணிந்து பூங்காவிற் பாண்டு வாத்தியம் கேட்கப் போகின்றாள். அருகிலிருப்போர் பேச்சை ஒட்டுக்கேட்பதே அவளுக்கு இன்பம். அனைவரும் ஒரு நாடகத்தின் நடிகர், தானும் அதிலொரு நடிகை எனக் களிக்கின்றாள். அவள் தனியள், ஏழை, எவராலும் விரும்பப்படாதவள் என்று கதையில் ஒரு சொல்லும் இல்லை. அவளே அதனைத் தனக்குச் சொல்லாதபோது கதை எவ்வாறு சொல்லும்? இளங்காதலர் இருவர் அவளை இகழ்ந்து பேசியதைக் கேட்டபின், வழக்கமாக வாங்கும் தேன்பணியாரத்தையும் வாங்காது அறைக்குத் திரும்பி, நரித்தோலைப் பெட்டிக்குள் வைத்து மூடுகின்றாள். மூடும்போது ஏதோ அழுவது கேட்டதாக அவளுக்குத் தோன்றுகின்றது. அழுதது எது என்பதை அப்பொழுதும் அவள் அறியாள், நாம் அறிவோம்.

'பொம்மை வீடு' இன்னும் எளியது, இன்னும் கொடியது. பேர்னல் குடும்பத்துச் சிறுமியருக்கு அழகிய பொம்மை வீடொன்று பரிசாக வருகின்றது. அதனுள்ளே உணவு மேசைமேல் ஒரு சின்னஞ்சிறு விளக்கு. தமக்கையர் சோபாவையும் கம்பளத்தையும் வியக்க, கெசியாவுக்கு விளக்கே எல்லாமாகின்றது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இருவர் இருவராக வந்து பார்க்க அனுமதிக்கப்படுகின்றனர். கெல்வி என்னும் இரு சிறுமியர் மாத்திரம் அழைக்கப்படுவதில்லை. அவர்களுடைய தாய் வீடு வீடாகச் சென்று துணி வெளுப்பவள். தந்தை சிறையில் என்பது ஊர்ப்பேச்சு. அவர்களின் உடைகளோ தாய் வேலைசெய்யும் வீடுகளிற் கழித்த மேசைவிரிப்பிலும் திரைச்சீலையிலும் தைத்தவை. அவர்களோடு மற்றப் பிள்ளைகள் பேசுவதில்லை. ஆசிரியைகூட அவர்களிடம் தனிக்குரலிற் பேசுகின்றார். கெசியா ஒருநாள் வீட்டாருக்குத் தெரியாமல் அவர்களை அழைத்துக் காட்டும்போது, சிற்றன்னை பெரில் கண்டு கோழிகளைத் துரத்துவதுபோலத் துரத்திவிடுகின்றாள். துரத்தியதும் அவள் மனப்பாரம் குறைகின்றது. அன்று அவளுக்கு வேறொரு கவலை இருந்தது. தெருவோரத்தில் இளைப்பாறும் இளைய சிறுமி எல்ஸ், கதை முழுவதிலும் ஏறக்குறைய வாய்திறவாதவள், தான் அந்த விளக்கைக் கண்டுவிட்டதாகத் தமக்கையிடம் மெல்லச் சொல்லுகின்றாள். இக்கதையை யாழ்ப்பாணத்து வகுப்பறையிற் படிப்பிக்கும் ஆசிரியனுக்குச் சூழலை விளக்கும் சிரமம் இல்லை. மாணவர் சிறிது நேரம் ஒன்றும் பேசார்.

இக்கதைகள் நோயுடன் போராடிய ஒருவரால் எழுதப்பட்டவை என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். 1917 இன் இறுதியில் அவருக்குச் சயரோகம் எனத் தெரியவந்தது. 1918 பெப்ருவரியில் முதன்முறை இரத்தம் கக்கினார். அதன்பின் ஐந்தாண்டும் வெப்பத்தையும் தூய காற்றையும் தேடி இத்தாலிக் கரை, தென் பிரான்சு, சுவிற்சர்லாந்து மலை என அலைந்தார். பள்ளித்தோழி ஐடா பேக்கர் கூடவே சென்று பணிவிடை செய்தார். கணவர் பெரும்பாலும் இலண்டனில் இருந்தார். 1920 இல் 'ஆனந்தம்' தொகுதியும் 1922 பெப்ருவரியில் 'தோட்ட விருந்து' தொகுதியும் வெளிவந்தன. ஆக, வாழ்நாளில் வெளிவந்த கதைத் தொகுதிகள் மூன்றே. 1922 ஒக்டோபரில் மருத்துவர்மீது நம்பிக்கையிழந்து, பாரிசுக்கு அணித்தாயுள்ள பொந்தன்புளோவில் குர்ஜீவ் என்னும் ஞானாசிரியரின் நிலையத்திற் சேர்ந்தார். 1923 ஜனவரி 9 ஆந் தேதி கணவர் பார்க்க வந்திருந்த அன்றிரவு, மாடிப்படி ஏறியதும் இரத்தம் பெருகி இறந்தார். அவருக்கு வயது முப்பத்துநான்கு.

எழுதிவைத்தவற்றிற் கூடியவரை குறைவாகவே வெளியிட்டு மற்றையவற்றை எரித்துவிடுமாறு அவர் கணவரை வேண்டியிருந்தார். மரி எரிக்கவில்லை. இரண்டு கதைத்தொகுதிகளும், 1927 இல் நாட்குறிப்பும், 1928 இற் கடிதங்களும் வெளிவந்தன. பல குறிப்பேடுகளிற் சிதறிக் கிடந்தவற்றைக் கோத்தும் கழித்தும் அவர் அமைத்த நாட்குறிப்பிலே தூய ஆன்மாவாகிய ஒரு நோயாளிப் பெண்ணே காட்சியளிக்கின்றார். கூரிய நாக்குடைய, கோபக்கார, வேடிக்கைக்காரப் பெண் மறைந்துபோனார். 1997 இற் குறிப்பேடுகள் முழுமையாக அச்சேறிய பின்னரே அவரை முழு உருவிற் காண இயன்றது. மரி செய்தது துரோகமெனப் பலர் எழுதினர். எரித்திருந்தால் நான் இக்கட்டுரையை எழுதியிருக்க முடியாது. ஆதலின் அவரைக் குறைகூற எனக்கு நாவெழவில்லை.

இனி மாணவனின் வினாவுக்கு வருவேன். 'காலஞ்சென்ற கேணலின் புதல்வியர்' 1920 இன் இறுதியில் தென் பிரான்சின் மொந்தோன் நகரில் எழுதப்பெற்று, 1921 இல் 'இலண்டன் மேர்க்குரி' இதழில் வெளிவந்தது. இலங்கைப் பகுதியை மீண்டும் ஊன்றிப் படித்தபோது, முன்னர் நான் கவனியாத ஒன்று கண்ணிற் பட்டது. ஓடுபவன் ஒருவனல்லன், இருவர். ஜோசபின் காணும் ஓட்டக்காரன் எறும்புபோல மின்னி ஓடும் சிறு உருவினன். கொன்ஸ்தான்சியா காண்பவனோ நெடியவன், மெலிந்தவன், களைப்பறியாதவன். அவனைக் கண்டு அவள் அருவருக்கின்றாள். ஒரே ஆளை இருவர் வெவ்வேறாகக் காண்பரேல், அவர்கள் காண்பது ஆளையன்று, தத்தம் அச்சத்தை. விறாந்தையில் தக்கைத் தொப்பியுடன் நிற்கும் பெனியின் வலக்கையோ தந்தையின் கையைப்போலவே பொறுமையின்றி ஆடுகின்றது. பிரம்பு ஆடுகதிரையிற் சாய்ந்து பத்திரிகை புரட்டும் அவன் மனைவியை இச்சகோதரியர் நேரிற் கண்டதே இல்லை. இலங்கையைப் பற்றி இவர்கள் அறிந்ததுதான் என்ன? தாய் அங்கே இறந்தாள். பாம்பு கடித்து இறந்தாள் எனச் சிறுவயதில் ஜோசபின் தன் சகோதரிக்குச் சொல்லி, படத்தில் தாயின் கழுத்திலிருந்த இறகுமாலையையே அப்பாம்பெனக் காட்டியவள். தாயில்லாமல், கொடுங்கோலனான தந்தையின் நிழலில் வளர்ந்து, அவர் இறந்த பின்னரும் அலுமாரிக்குள் இருப்பாரோ என நடுங்கும் இவர்களுக்கு இலங்கை என்பது ஒரு நாடே அன்று. தந்தையின் வீட்டில் இவர்கள் திறக்க அஞ்சும் மற்றுமோர் அறை.

பொன் கைக்கடிகாரத்தைச் சுதேசி ஒருவனிடம் எங்ஙனம் நம்பிக் கொடுப்பது, அதனைக் கச்சைப் பெட்டிக்குள் ஒளித்து அனுப்பலாமா என இவர்கள் ஆராயும் காலத்தில், இந்நாட்டிலே புகைவண்டி கண்டிக்கு ஓடத்தொடங்கி ஐம்பது ஆண்டு கழிந்திருந்தது. யாழ்ப்பாணத்துக்கும் 1905 இலேயே வடபகுதிப் பாதை முற்றுப்பெற்றிருந்தது. தபால் இல்லை என்ற கூற்று ஜோசபினின் கூற்று. அதை ஆசிரியர் திருத்தவில்லை. செல்வி பிறிலையும் அவர் திருத்தவில்லை. கடிகாரம் இலங்கைக்கு வரவுமில்லை. ஈற்றில் மருமகன் சிறிலுக்கே அதனைக் கொடுப்பதாகத் தீர்மானிக்கின்றனர்.

இக்கதை வெளிவந்தபோது ஆங்கில வாசகரிற் பலரும், முதிர்கன்னியரைக் கொடுமையாகப் பரிகசிக்கின்றார் என்றே மான்ஸ்பீல்டைக் குறைகூறினர். அவர் மனம் வருந்தினார். வில்லியம் ஜெராடி என்னும் இளம் எழுத்தாளருக்கு எழுதிய கடிதத்தில், முதலில் அவர்களைப் பார்த்துச் சிரிக்கவே எண்ணியதாகவும், உற்றுநோக்க நோக்க அவர்கள் வாழ்க்கையில் மறைந்திருந்த அழகுக்குத் தலைவணங்கியதாகவும் கூறுகின்றார். ஈற்றில் தெருவில் வாத்தியப்பெட்டி ஒலிக்கின்றது. அதை நிறுத்தச் சொல்லி இனிமேல் தந்தை தடியால் தட்டமாட்டார் என இருவரும் உணர்கின்றனர். அறைக்குள் வெயில் விழுகின்றது. இருவரும் ஒரே சமயத்தில் ஏதோ சொல்லத் தொடங்கி, நீ சொல் நீ சொல் என ஒருவரையொருவர் வேண்டி, சொல்ல வந்ததை மறந்துவிட்டதாகக் கூறுகின்றனர். ஆகவே, 'பழிக்கிறாவோ?' என்ற வினாவுக்கு, 'இல்லை; எங்களைப் பற்றி ஒன்றுமறியாத இருவரின் கண்ணை அவர் காட்டுகின்றார்; அவர்களையும் பழிக்கவில்லை' என்பதே நான் கூறியிருக்க வேண்டிய விடை.

அடுத்த ஆண்டு வகுப்பில் இவ்விடையை மிகுந்த நிறைவுடன் கூறினேன். அப்பொழுது பின்வாங்கிலிருந்து மற்றொருவன், "அப்ப, அந்த ஓடுறவன் என்ன நினைச்சுக்கொண்டு ஓடினவன் சேர்?" என்றான்.

கதையில் அவனுக்குக் கூற்று இல்லை. பார்க்கர் கிழவிக்கும் எல்சுக்கும் வாய் கொடுத்தவர் இவனுக்குக் கொடுக்கவில்லை. இந்நாட்டைக் கண்டறியாதவர் கொடுத்திருக்கவும் முடியாது. கண்டறிந்தவர் ஒருவர் அவருடைய நூலை அச்சிட்டவரே. லெனாட் வூல்ப் 1905 இல் இங்கே வருகையில் அநுராதபுரத்துக்கும் ஆனையிறவுக்கும் இடையே பாதை முற்றுப்பெறாமையால் தபாலேற்றும் மாட்டு வண்டியிற் காட்டினூடாகப் பயணஞ்செய்தவர். யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் அம்பாந்தோட்டையிலும் பணியாற்றி 1911 இல் ஊர் திரும்பி, 1913 இற் 'காட்டிலே ஒரு கிராமம்' என்னும் பொருள்படும் தமது நாவலை வெளியிட்டார். அதிலே வேட்டுவனும் அவன் பெண்மக்களும் தம் பசியையும் அச்சத்தையும் தாமே பேசுகின்றனர். வெள்ளைக்காரர் ஓரத்தில் நிற்கின்றனர். கேணலின் புதல்வியர் வெளிவந்த அதே 1921 இல், ஹோகார்த் அச்சகம் வூல்பின் கீழைநாட்டுக் கதைகள் மூன்றைச் சிறுநூலாக வெளியிட்டது. அவற்றுள் ஒன்று அயல் வீட்டுப் பிராமணர் இருவரைப் பற்றியது; நிகழுமிடம் யாழ்ப்பாணம், அப்பெயராலேயே. அதிலும் நகைப்பு உண்டு. அந்நகைப்பு யார் கூற்று என்று அதிலும் கேட்க வேண்டியிருக்கின்றது. இப்பொழுது அவ்விரண்டு கதைகளையும் ஒரே தவணையில் அடுத்தடுத்துப் படிப்பித்து வருகின்றேன்.